திரும்பி வரும் எண்ணம்

ஜான் பாஷாவும் உம்முசல்மாவும் குளிர்காலத்தில் நாலு நாள் வெளிநாட்டு நகரம் ஒன்றுக்குப் போய்வர ஆசைப்பட்டார்கள். இதில் தவறு எதுவும் இருப்பதாக அப்போது அவர்களுக்குத் தோன்றவில்லை.

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பது ஜான் பாஷாவின் தொழில். பிள்ளைகள் இல்லை. அவருடைய தாயார் பக்கவாதத்தில் படுத்து, ஒன்பது வருஷம் படுக்கையிலேயே இருந்தார். அத்தனை வருஷமும் கணவனும் மனைவியும் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருந்தார். ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் மற்றவர் வீட்டில் இருந்தார். போன ரமலானுக்குப் பிறகு தாயார் காலமானார். அதன்பின் இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"கொழம்பு ஊத்தட்டுமா?"

"போதும்."

இவ்வளவுதான் பேச்சு. சண்டை இல்லை. சண்டை போடுவதற்குக்கூடக் கொஞ்சம் பழக்கம் வேண்டியிருந்தது.

ஒருநாள் மாலை தொலைக்காட்சியில் ஏதோ ஓர் ஊரைக் காட்டினார்கள். ஆறு, அதன்மேல் கல்பாலம், பாலத்தில் கோட்டுப் போட்டவர்கள் கைகோத்து நடந்துபோனார்கள். உம்முசல்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, "அங்க போலாமா?" என்றாள்.

யாரிடம் கேட்கிறாள் என்று ஜான் பாஷா திரும்பிப் பார்த்தார். அறையில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

அந்த நாட்டின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று ஜான் பாஷா கேட்டுக்கொண்டார். பின்னால் யாருக்காவது இடைஞ்சல் வருமாம். ஆகவே அந்த நாடு, அந்த ஊர் என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் டிராவல்ஸ் நடத்தும் சிவபாலன் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்தான்.

"சிங்கப்பூர் போங்க பாய். நம்ம சாப்பாடு கெடைக்கும். விசாவும் சட்டுனு வந்துடும்."

"இல்லப்பா. அவ அந்த ஊருதான் வேணும்னா."

"அங்க இன்னா பாய் இருக்குது?"

"ஆத்துமேல பாலம் ஒண்ணு இருக்குது."

"பாலாத்துலகூடத்தான் பாலம் இருக்குது."

"அந்த ஆத்துல தண்ணி இருக்குதாம்."

சிவபாலன் கணினியைத் தன் பக்கம் திருப்பினான். விண்ணப்ப வேலையைத் தொடங்கினான்.

முதலில் புகைப்படம். விசா புகைப்படத்தில் முகத்தில் எந்த உணர்ச்சியும் இருக்கக் கூடாது என்பது விதி. மகிழ்ச்சி கூடாது, கவலை கூடாது, எதிர்பார்ப்பு கூடாது. வாய் மூடியிருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். ஸ்டூடியோ வைத்திருக்கும் பஞ்சாட்சரம் இந்த வேலையை வெறுத்தார். வெளிநாடு போகிற பூரிப்பில் எல்லாரும் சிரித்துவிடுகிறார்கள். ஒரு ஆளுக்கு இருபது படமாவது எடுக்க வேண்டியிருக்கிறது. அவர் ஜான் பாஷாவை உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். உம்முசல்மாவை உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். கணினியில் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் பாய். இப்படி ஒரு மூஞ்சி பாத்ததில்ல. ஒண்ணுமே இல்ல! சுத்தமா ஒண்ணுமே இல்ல!"

ஜான் பாஷா நன்றி சொன்னார்.

சென்னையில் அந்த நாட்டின் விசா விண்ணப்ப மையம் ஒரு பெரிய கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தது. வாசலில் பன்னிரண்டு மொழிகளில் 'வருக' என்று எழுதியிருந்தது. அதன் கீழே நின்ற காவலாளி, உள்ளே வர அனுமதி உண்டா என்று கேட்டார். கைப்பேசி, தண்ணீர் பாட்டில், உம்முசல்மா பையில் வைத்திருந்த சப்பாத்தி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். கவுண்ட்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் லில்லி என்று பெயர் குத்தியிருந்தது. அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"எதுக்கு சார் போறீங்க?"

"சுத்திப் பாக்க."

"எதை?"

"பாலத்தை."

"எத்தனை தடவை பார்ப்பீங்க?"

ஜான் பாஷா மனைவியைப் பார்த்தார். அவள், "ரெண்டு தடவம்மா. போகச்சொல்ல ஒண்ணு, வரச்சொல்ல ஒண்ணு" என்றாள். லில்லி அதைத் தட்டச்சு செய்துகொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் பாஸ்போர்ட்டுகள் உறையில் வந்தன. உள்ளே விசா இல்லை. ஒரு தாள் இருந்தது. 'விண்ணப்பதாரர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்பி வரும் எண்ணம் உடையவர்கள் என்பது எங்களுக்கு உறுதிப்படவில்லை' என்று அதில் கண்டிருந்தது.

ஜான் பாஷா சென்னைக்குப் போய் லில்லியிடம் கேட்டார். அவள் மிகவும் அன்பாகப் பேசினாள்.

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது சார். நீங்க வருவீங்கன்னு அவங்க முழுசா நம்பறாங்க. திரும்பிப் போவீங்கன்னுதான் நம்பலை. எங்க மையத்தில் நாங்க யாரையும் மறுக்கறதில்லை. உங்களுடைய விண்ணப்பத்தை நீங்களே மறுத்துக்க வாய்ப்புக் கொடுக்கறோம். மறுபடியும் விண்ணப்பிக்கலாம். எத்தனை தடவை வேணும்னாலும். அதுதான் எங்க சேவையின் சிறப்பு."

பக்கத்துச் சுவரில் சேவையை மதிப்பிடும்படி ஒரு பெட்டி வைத்திருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று பொத்தான்கள். பச்சை மட்டும் வேலை செய்தது. ஜான் பாஷா அதை அழுத்திவிட்டு வந்தார்.

சிவபாலன் தாளைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"வேர் பத்தல பாய்."

"இன்னா வேரு?"

"இந்த ஊர்ல உங்களுக்கு வேர் இருக்குதுன்னு காட்டணும். புள்ளைங்க இருந்தா விட்டுட்டு ஓட மாட்டீங்கன்னு நம்புவான். உங்களுக்கு அது இல்ல. வயசான பெத்தவங்க இருக்காங்களா?"

"அம்மிதான் இருந்தாங்க. மௌத்தாயிட்டாங்களே."

"அது தெரியும் பாய், நானும் வந்திருந்தேனே." சிவபாலன் வருத்தத்தோடு உதட்டைக் கடித்தான். "படுத்த படுக்கையா ஒரு அம்மா. இதைவிட ஸ்ட்ராங்கான கேஸே இல்ல. அவங்க இருந்திருந்தா ரெண்டே நாள்ல விசா குத்திக் குடுத்திருப்பான்."

"அவங்க இருந்திருந்தா நாங்க எப்படிப்பா போவோம்?"

"போக முடியாதுதான். அதனாலதான் குடுப்பான்."

சிவபாலன் மெல்லக் கேட்டான்: "வேற யாராச்சும் படுக்கையில இருக்காங்களா பாய்? சித்தி, பெரியம்மா, யாருன்னாலும் பரவால்ல."

யாரும் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே, இவர்கள் திரும்பி வராவிட்டால் ஊரில் யார் யாருக்கு என்ன கஷ்டம் என்று அக்கம்பக்கத்தில் எழுதி வாங்குவது என முடிவாயிற்று.

பட்டுக்கடை முதலாளி ஒருவர், பெட்டி இல்லாமல் புடவை விற்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார். எழுதும்போதே, வேறு ஒருவர் இன்னும் நல்ல பெட்டி செய்வதாகக் கேள்விப்பட்டதையும் சொன்னார். எதிர்வீட்டு அஞ்சும் பேனாவை வாங்கிக்கொண்டு வெகுநேரம் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"என்னான்னு எழுதறது அக்கா?"

"நாங்க இல்லாங்காட்டி உனக்கு இன்னா கஷ்டமோ, அதை எழுதும்மா."

"கஷ்டமா?" அஞ்சும் உண்மையிலேயே முயன்றாள். நெற்றி சுருங்கியது. கடைசியில் முகம் மலர்ந்து, "ஆங்! தண்ணி மோட்டார்! பாய்தானே தினம் மோட்டார் போடறாரு!" என்றாள். அப்படியே எழுதிக் கொடுத்தாள்: 'ஜான் பாஷா அவர்கள் திரும்பி வராவிட்டால் எங்கள் தெருவில் மோட்டார் போட ஆள் இல்லை.'

அன்று வீட்டுக்கு வந்ததும் உம்முசல்மா அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு சிரித்தாள். "இருபது வருஷமா இந்தத் தெருவுல இருக்கோம். மோட்டாருக்கா வெச்சிருக்காங்க நம்மள?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஜான் பாஷாவும் சிரித்தார். தாயார் இறந்த பிறகு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

இதற்குப் பின் ஒரு மாதம் விபரீதமான மாதம். இருவருக்கும் அந்த ஊர் பிடித்துவிட்டது. சாப்பிட்டதும் கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்து அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்தார்கள். எந்த டிராம் எங்கே போகும் என்று ஜான் பாஷா மனப்பாடம் செய்தார். உம்முசல்மா அந்த மொழியில் 'வணக்கம்', 'நன்றி', 'தயவுசெய்து இதில் பன்றிக்கறி உண்டா' என்று மூன்று வாக்கியம் கற்றுக்கொண்டு வீடெல்லாம் சொல்லிப் பார்த்தாள். சென்னைக்குப் பஸ்ஸில் போய்க் கம்பளித் தொப்பி இரண்டு வாங்கிவந்தார்கள். அவருக்கு நீலம், அவளுக்குச் சிவப்பு. காஞ்சிபுரத்து நவம்பர்ப் புழுக்கத்தில் அவற்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்கள்.

"ஏங்க, நீங்க இந்தத் தொப்பியில ராணுவத்துக்காரர் மாதிரி இருக்கீங்க."

"நீ மட்டும் இன்னாவாம்? தக்காளி மாதிரி இருக்குற."

சாப்பாட்டு நேரத்தில் குழம்பு பற்றிய பேச்சே எழவில்லை. இரண்டாவது விண்ணப்பத்துக்குப் பஞ்சாட்சரம் எடுத்த புதுப் படங்களை மையம் ஏற்கவில்லை. உதட்டோரத்தில் எதிர்பார்ப்பு தெரிவதாகக் கூறிவிட்டது. பழைய படங்களையே ஒட்டினார்கள்.

இம்முறை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஆய்வு அதிகாரி அந்த நாட்டுக்காரர். உயரமானவர், மிகச் சுத்தமானவர். பக்கத்தில் கமலாட்சி என்ற மொழிபெயர்ப்பாளர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அதிகாரி ஒரு சொல் சொன்னால் கமலாட்சி அம்மாள் கால்மணி நேரம் மொழிபெயர்த்தார். அதிகாரி கால்மணி நேரம் பேசினால், "சரி என்கிறார்" என்றார்.

கணவனையும் மனைவியையும் தனித்தனியே விசாரித்தார்கள். ஜான் பாஷா முதலில் போனார்.

"எங்கள் நகரம் உங்களுக்குப் பிடிக்குமா என்று அதிகாரி கேட்கிறார்."

"ரொம்பப் பிடிக்கும்மா!" ஜான் பாஷாவுக்குக் கூச்சம் போய்விட்டது. ஆற்றைச் சொன்னார், பாலத்தைச் சொன்னார். ரயில்நிலையத்திலிருந்து பாலத்துக்கு எந்த டிராமில் போக வேண்டும், எங்கே மாற வேண்டும், மாறாமல் போக வேண்டுமென்றால் என்ன வழி என்றெல்லாம் சொன்னார். கடைசியில் எழுந்து நின்று அந்த மொழியில் வணக்கம் சொன்னார்.

அதிகாரியின் முகம் வெளுத்தது. அது முன்பே வெளுப்புத்தான்; இருந்தாலும் மாற்றம் தெரிந்தது.

"நாலு நாள் தங்குபவருக்கு மொழி எதற்கு என்று கேட்கிறார்."

"மரியாதைக்கும்மா."

"மரியாதையாக நடந்துகொள்பவர்கள் நீண்ட காலம் தங்கிவிடுகிறார்கள் என்பது அனுபவம் என்கிறார்."

அடுத்து, இரவில் அவர் குறட்டை விடுவாரா என்று கேட்டார்கள். இல்லை என்றார் ஜான் பாஷா. பின்பு உள்ளே போன உம்முசல்மாவிடமும் அதைக் கேட்டார்கள். அவள் உண்டு என்றாள். ஒரே படுக்கையறை குறித்து இருவேறு தகவல்கள் என்று குறித்துக்கொண்டார்கள். குளிருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டபோது தொப்பி வாங்கியதைப் பெருமையாகச் சொன்னாள்.

முடிவில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து அதிகாரி ஓர் உரை நிகழ்த்தினார். கமலாட்சி அம்மாள் இதை மட்டும் முழுதாக மொழிபெயர்த்தார். பலமுறை செய்த மொழிபெயர்ப்பு என்பது குரலில் தெரிந்தது.

"விருந்தோம்பல் எங்கள் இரத்தத்தில் ஊறியது. அதனால்தான் விருந்தினர்களை நாங்கள் இவ்வளவு கவனமாகத் தவிர்க்கிறோம். நிறையப் பேர் வந்தால் விருந்தோம்பல் தேய்ந்துவிடும். எங்கள் பாலம் அறுநூறு வருஷமாக நிற்கிறது. அதை யாரும் தேவைக்கு அதிகமாகப் பார்த்ததில்லை. எங்கள் மக்களே அதைப் பார்ப்பதில்லை. நீங்கள் எங்கள் நகரத்தை நேசிக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் நேசிப்பவரை நம்பி எப்படி உள்ளே விடுவது? நேசம் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யாரால் சொல்ல முடியும்? தொப்பி வேறு வாங்கியிருக்கிறீர்கள். குளிரைத் தாங்கத் தயாராகிறவர் தங்கத் தயாராகிறார். பிடிக்காத இடத்திலிருந்துதான் மனிதன் திரும்பி வருவான். இது விஞ்ஞானம்."

அடுத்த வாரம் தாள் வந்தது. 'விண்ணப்பதாரர்கள் எங்கள் நாட்டின்மீது அளவுக்கு மிஞ்சிய விருப்பம் கொண்டுள்ளனர்.'

உம்முசல்மா தொப்பிகளை எடுத்துப் பழைய துணிகளோடு மூட்டை கட்டி வைத்தாள். கைப்பேசி சுவரிலிருந்து மேசைக்கு வந்தது. ஜான் பாஷா டிராம் எண்களை மறக்க முயன்றார். சில எண்கள் மட்டும் போகவில்லை.

"கொழம்பு?"

"போதும்."

இம்முறை அந்த அமைதி வேறு மாதிரி இருந்தது. முன்பு அது பழக்கக் குறைவு. இப்போது இருவருக்கும் பேச வரும் என்று இருவருக்கும் தெரியும்.

விவகாரம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாஸ்போர்ட்டுகள் இன்னும் மையத்தில்தான் இருந்தன. இரண்டு முறை மறுக்கப்பட்டவர்கள் பாஸ்போர்ட்டைத் திரும்பப் பெற, இனி விண்ணப்பிக்கும் எண்ணம் இல்லை என்று நேரில் வந்து உறுதிசெய்ய வேண்டும். அதற்கும் நேர்காணல் உண்டு என்று சிவபாலன் சொன்னான். "போவ வேணாம்னு சொல்றதுக்கும் அப்பாயின்ட்மென்ட் வாங்கணும் பாய். ஜனவரி கடைசியிலதான் கெடைச்சிது."

ஜனவரி கடைசியில் போனார்கள். அதே அறை, அதே அதிகாரி, அதே கமலாட்சி அம்மாள். இம்முறை இருவரும் சேர்ந்தே உள்ளே போகலாம் என்றார்கள்.

"எங்கள் நாட்டுக்கு ஏன் வர விரும்பவில்லை என்று கேட்கிறார்."

"தெரியலம்மா," என்றார் ஜான் பாஷா.

"பாலத்தைப் பார்க்க வேண்டாமா என்கிறார்."

"பாத்தாலும் ஒண்ணுதான். பாக்காட்டியும் ஒண்ணுதான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். உம்முசல்மாவின் பக்கம் திரும்பினார்.

"கணவர் குறட்டை விடுவாரா என்கிறார்."

"கவனிக்கலம்மா."

"திரும்பி வருவதற்கு உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்."

"ஒண்ணும் இல்ல," என்றாள். "ஆனா அங்கயும் ஒண்ணும் இல்லியே."

அதிகாரி மேசையில் கிடந்த புகைப்படங்களை எடுத்து எதிரில் இருந்த முகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். துளியும் வித்தியாசமில்லை. எழுந்து வந்து இருவரின் கையையும் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. நெடுநேரம் பேசினார்.

"சரி என்கிறார்," என்றார் கமலாட்சி அம்மாள்.

மறுநாளே விசா வந்தது. அதனோடு ஒரு குறிப்பும் வந்தது. வழங்கப்பட்ட விசாவைப் பயன்படுத்தாமல் இருப்பது அந்த நாட்டை அவமதிப்பதாகும். அப்படிச் செய்பவர்கள் விளக்கம் அளிக்க நேரில் வர வேண்டும். மறுபடியும் ஏழாவது மாடி ஏறுவதைவிட அந்த ஊருக்கே போய்விடுவது சுலபம் என்று இருவருக்கும் தோன்றியது. போனார்கள்.

அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிப்ரவரி. பனி பெய்யவில்லை, மழை பெய்தது. தொப்பிகளை எடுத்துவர மறந்திருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து ரயில், ரயிலிலிருந்து டிராம். ஜான் பாஷாவுக்கு வழி தெரிந்திருந்தது, ஆனால் அதைச் சொல்லிக் காட்டவில்லை. பாலத்தைப் பார்த்தார்கள். அது இருந்தது. பாலத்தின் நடுவில் நின்றபோது உம்முசல்மா, "வெரலு மரத்துப்போச்சு" என்றாள். ஜான் பாஷா தன் விரல்களைப் பார்த்தார். அவையும் மரத்துத்தான் இருந்தன. மரத்த கையை மரத்த கையால் பிடித்தால் சூடு வருமா என்று அவருக்குத் தெரியவில்லை; பிடித்துப் பார்க்கவும் இல்லை. அவர்களைச் சுற்றிலும் பலர் நின்று படமெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் இவரிடம் கைப்பேசியைக் கொடுத்துத் தங்களைப் படமெடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் எழுந்ததும் இருவரும் ஒன்றும் பேசாமல் பெட்டியில் துணியை அடுக்கினார்கள். ஒரு நாள் முன்னதாகவே விமானம் ஏறிவிட்டார்கள்.

இங்கேதான் மறுபடியும் சிக்கல் வந்தது. திரும்பி வந்தவர்கள், வந்துவிட்டதை மையத்துக்கு நேரில் வந்து காட்ட வேண்டும் என்பது விதி. போய்க் காட்டினார்கள். லில்லி பாஸ்போர்ட்டில் முத்திரையிட்ட தேதியைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். உள்ளே ஓடினாள்.

"சார், ஒரு நாள் முன்னாடியே வந்துட்டீங்களா!"

"ஆமாம்மா. தப்பாம்மா?"

தப்பு இல்லை. மையத்தின் வரலாற்றில் யாரும் செய்யாத காரியம் அது. அடுத்த வாரம் சென்னையில் ஒரு ஓட்டலின் அரங்கத்தில் 'மாதிரிப் பயணிகள்' பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. பின்னால் ஒரு பெரிய துணியில், ஜான் பாஷா, உம்முசல்மா இருவரின் விசாப் புகைப்படங்களை ஆளுயரத்துக்கு அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். வருங்கால விண்ணப்பதாரர்கள் இருநூறு பேர் நாற்காலிகளில் உட்கார்ந்து அந்த முகங்களைப் போலத் தங்கள் முகத்தை வைத்துக்கொள்ள முயன்றுகொண்டிருந்தார்கள்.

ஆய்வு அதிகாரி பேசினார். கமலாட்சி அம்மாள் ஒலிபெருக்கியில் மொழிபெயர்த்தார்.

"எங்கள் நாட்டைப் பற்றி உலகம் தவறாக நினைக்கிறது. நாங்கள் யாரையும் வரவேற்பதில்லை என்று சொல்கிறார்கள். இதோ, வரவேற்றிருக்கிறோம். இந்தத் தம்பதி எங்கள் நகரத்துக்கு வந்தார்கள். எதையும் ரசிக்கவில்லை. யாரோடும் பேசவில்லை. எதையும் விரும்பி வாங்கவில்லை. எங்களுக்கு ஒரு நாளை மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறார்கள். அந்த ஒரு நாளை வேறு ஒருவருக்குக் கொடுப்போமா என்று கேட்பீர்கள். கொடுக்க மாட்டோம். பத்திரமாக வைத்திருப்போம். எல்லாரும் இவர்களைப் போல வந்தால், எங்கள் நகரத்தின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும். ஒருவரும் வராத மாதிரியும் இருக்கும்."

பலத்த கைதட்டல். அதிகாரி ஒரு கண்ணாடிக் குண்டைப் பரிசாகக் கொடுத்தார். உள்ளே அந்த ஊரின் பாலம் சிறிதாக இருந்தது. குலுக்கினால் பனி பெய்யும். "இதை வைத்துக்கொண்டால் நேரில் வர வேண்டிய தேவை எழாது" என்று அதிகாரி சொன்னதாகக் கமலாட்சி அம்மாள் தெரிவித்தார். இத்துடன் பத்து ஆண்டு விசாவையும் அறிவித்தார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை போகலாம். இரண்டு முறை வந்து காட்டலாம்.

உம்முசல்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "வேணாம் சார்," என்றாள்.

இது மொழிபெயர்க்கப்பட்டதும் அதிகாரி நெஞ்சில் கைவைத்தார். அரங்கமே எழுந்து நின்றது. பத்து ஆண்டை அந்த மேடையிலேயே இருபதாக்கினார்கள்.

மாலையில் காஞ்சிபுரம் பஸ் பிடித்தார்கள். உட்கார இடம் கிடைத்தது. உம்முசல்மா கண்ணாடிக் குண்டை மடியில் வைத்திருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே பனி பெய்துகொண்டே இருந்தது. பூந்தமல்லி போயிற்று. ஸ்ரீபெரும்புதூர் போயிற்று. சுங்குவார்சத்திரம் தாண்டியதும் அவள் குண்டை எடுத்து, இருக்கைக்கு அடியில், யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜான் பாஷா பார்த்தார்.

ராஜகுளம் நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஒரு கிழவர் கூடையோடு இறங்கினார். உம்முசல்மா எழுந்து கிழவருக்குப் பின்னால் நடந்தாள். ஜான் பாஷாவும் எழுந்து அவளுக்குப் பின்னால் நடந்தார். டிக்கெட் காஞ்சிபுரம் வரைக்கும் இருந்தது. கண்டக்டர் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். எதற்கு இறங்குகிறீர்கள் என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்து ஜான் பாஷா படியிலேயே நின்றார். நிறுத்தம் என்றால் இறங்குவார்கள், ஏறுவார்கள். கண்டக்டருக்கு அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. "சட்டுனு எறங்குப்பா" என்று சொல்லி விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

நெடுஞ்சாலை ஓரம் இருவரும் நின்றார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இங்கே அவர்களுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"இங்க எதுக்கு எறங்குன சல்மா?"

"தெரியல," என்றாள். அதிகாரியிடம் ஜான் பாஷா சொன்ன அதே சொல்தான். ஆனால் இதைச் சொல்லும்போது அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "அழுவ வந்துது. பஸ்ஸுல ஜனம் இருந்துது."

பிறகு அங்கேயே, மைல்கல்லின் மேல் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து அழுதாளா, அந்த ஒரு மாதத்துக்காக அழுதாளா என்று ஜான் பாஷாவுக்குத் தெரியாது. நிறுத்தச் சொல்லவில்லை. சாலைக்கும் அவளுக்கும் நடுவில், லாரிக்காரர்கள் பார்க்காதபடி மறைத்து நின்றுகொண்டார். அழுது முடிந்ததும் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு டீ சொன்னார்.

அவள் ஊதாமல் குடித்துவிட்டாள். "யா அல்லாஹ்!" என்று கிளாஸைப் பலகையில் வைத்தாள். "நாக்கு வெந்துபோச்சு. சூடா இருக்குதுன்னு சொல்லக் கூடாதா?"

"டீ சூடாத்தான் சல்மா இருக்கும்."

"நாலு வார்த்த பேசுனா இன்னா கொறஞ்சிடும் உங்களுக்கு? மூணு நாளு, அந்த பாலத்துமேல, மரக்கட்ட மாதிரி நின்னுக்கினு..."

"நீ பேசுனியா?"

"நான் வெரலு மரத்துப்போச்சுன்னு சொன்னேன்ல! அதுக்கு இன்னா பண்ணீங்க? உங்க வெரல பாத்துக்கினீங்க!"

"அது இல்ல சல்மா..."

"எது இல்ல?"

டீக்கடைக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டார். இது சீக்கிரம் முடிகிற சண்டை இல்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். காஞ்சிபுரம் பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் இவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஜான் பாஷா, போகும்படி சைகை செய்துவிட்டு, இன்னும் இரண்டு டீ சொன்னார்.